கட்டியக்காரன் பதில்கள்

கட்டியக்காரன் என்றால் கூத்தில் கேலியும் கேள்வியுமாக வரும் கோமாளி. கூத்தும் மாம்பழமும் ஒரே பருவத்தில் வந்து சேரும் மாவட்டங்கள் நம்முடையவை. அதனால் இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி பாரதப் பாத்திரங்கள் மேல். மீதி அடுப்படி, பஸ், சொந்தபந்தம். வந்த வரிசையில் கலந்தே பதில் சொல்கிறோம்.

கே: சகுனியின் தாயக்கட்டை அவன் அப்பாவின் எலும்பால் செய்தது, தன் குடும்பத்தைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்ற கௌரவ வம்சத்தை அழிக்கத்தான் அவன் கூடவே இருந்து குழி பறித்தான் என்று எங்கள் டீக்கடை மொத்தமும் சத்தியம் செய்கிறது. நான் ஒருவன்தான் சந்தேகப்படுகிறேன். டீ தர மாட்டார்கள் போலிருக்கிறது. — பென்னாகரம் வாசகர்

ப: டீயை வாங்கிக் குடித்துவிட்டு வாதாடுங்கள். டீக்கடை சொல்வது அருமையான கதை. ஆனால் வியாச பாரதத்தில் அதற்கு இடம் கொடுக்காமல் ஒருவர் குறுக்கே நிற்கிறார்: சகுனியின் அப்பா சுபலன். தர்மர் ராஜசூய யாகம் நடத்தியபோது வந்திறங்கிய அரசர் பட்டியலில் காந்தார அரசன் சுபலன் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே மகன் சகுனியும். சூதாட்டம் அதற்குப் பிறகுதான். எப்போதோ சிறையில் பட்டினியால் செத்தவர் இந்திரப்பிரஸ்தத்துப் பந்தியில் இலை போட்டு உட்கார முடியாதல்லவா?

இன்னொரு இடி, கணக்கில். எட்டாம் நாள் போரில் சகுனியின் தம்பிகள் ஆறு பேர் கௌரவர் பக்கம் நின்று அர்ச்சுனன் மகன் இராவானோடு (நம்ம அரவான்தான்) மோதுகிறார்கள். ஐந்து பேர் சாகிறார்கள். பதினெட்டாம் நாள் மகன் உலூகனை அப்பன் கண் முன்னாலேயே சகாதேவன் கொல்கிறான், அடுத்து சகுனி. பழிவாங்க வந்தவன் எதிராளி வீட்டுக்குத் தீ வைக்கலாம். தன் தம்பிகளையும் பிள்ளையையும் அதே தீயில் எதற்குத் தள்ள வேண்டும்? கூடப்பிறந்தவள் பிள்ளைக்குச் சொத்து முழுசாகச் சேர வேண்டும் என்று தாய்மாமன் வேலை பார்ப்பதற்கு ரகசிய நோக்கம் ஒன்றும் தேவையில்லை. எந்த ஊர்ப் பத்திர ஆபீஸ் வாசலிலும் நாலு சகுனி நிற்பார்கள்.

அதற்காக டீக்கடை தோற்றது என்று ஆகாது. எலும்புத் தாயம் மக்கள் வாய்மொழியில் வாழ்கிற கதை. அந்தப் பாடத்துக்குள் அது முழுக்கச் சரி. பாடம் என்றால் ஒரே கதையை ஒருவர் சொல்லும் விதம், கூத்துக்காரர் ‘பாடம்’ என்று சொல்வதைத்தான் இங்கே சொல்கிறோம். வியாசர் ஒரு பாடம், தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் ஒரு பாடம், கூத்து ஒரு பாடம். ஒரு பாடத்துப் பாத்திரத்தை இன்னொரு பாடத்துச் சட்டத்தில் நிறுத்தி விசாரிப்பதுதான் டீக்கடைச் சண்டையில் முக்கால்வாசி.

கே: மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்தபோது பாஞ்சாலி சிரித்ததால்தான் பாரதப் போர் வந்ததாம். நான் டிவி பார்த்துச் சிரித்தாலே மாமனார் இந்த உதாரணத்தை எடுக்கிறார். பதில் வேண்டும், அவசரம். — ஊத்தங்கரை வாசகி

ப: அவசரம் புரிகிறது. மாமனாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “மாமா, பாஞ்சாலி சிரிச்சதுக்குச் சாட்சி யாரு?”

வியாசரின் சபா பருவத்தில் இந்த விழுந்த கதை இரண்டு முறை வருகிறது. முதல் முறை, கதை சொல்பவர் வாயால். துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து வேட்டியைத் தூக்குகிறான். தண்ணீரைப் பளிங்கு என்று நினைத்து விழுகிறான். வேலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். பீமன், அர்ச்சுனன், நகுல சகாதேவர் சிரிக்கிறார்கள். அரசன் உத்தரவில் மாற்றுத் துணி வருகிறது. பாஞ்சாலி அந்த இடத்தில் இல்லவே இல்லை.

இரண்டாம் முறை, அஸ்தினாபுரம் திரும்பிய துரியோதனன் அப்பா திருதராட்டிரனிடம் புலம்பும்போது. அங்கேதான் கிருஷ்ணன் சிரித்தான், அர்ச்சுனன் சிரித்தான், பெண்களோடு சேர்ந்து பாஞ்சாலியும் சிரித்தாள் என்று ஆள்கள் கூடுகிறார்கள். அதாவது பாஞ்சாலியின் சிரிப்புக்கு ஒரே சாட்சி, அடிபட்டு ஆத்திரத்தோடு வந்தவன். ‘குருடன் மகன் குருடன்’ என்ற வசனமோ இரண்டு இடத்திலும் கிடையாது. பிற்காலத்தார் சேர்த்த மசாலா.

அவன் பொய்தான் சொன்னான் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். கதை சொல்பவர் அந்தப்புரத்துச் சிரிப்பை விட்டிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. ஆனால் சூதாட்டத்துக்கு அப்பாவின் சம்மதம் வேண்டிய நேரத்தில் இந்தப் புலம்பல் வருவதைப் பாருங்கள். “தம்பிமார் சிரிச்சாங்க” என்றால் கிழவர் போடா என்று அனுப்பியிருப்பார். “அவங்க வீட்டுப் பொம்பளை சிரிச்சா” என்றால் அது வேறு வழக்கு. எங்கள் ஓட்டு முதல் சாட்சிக்கு.

மாமனாரிடம் இதையெல்லாம் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுங்கள்.

கே: பீமன் விராடன் மடைப்பள்ளியில் ஓராண்டு சமைத்தான். எனக்குக் கல்யாணமாகி ஓராண்டு, ராகிக் களி இன்னும் கட்டி தட்டுகிறது. ஒரு நாள் கட்டி, ஒரு நாள் கூழ். — காரிமங்கலம் வாசகர்

ப: ஆண் வாசகர் களி கிளறுகிறார் என்பதற்காகவே விரிவான பதில்.

கட்டி வருவதற்குக் காரணம் அவசரம். மாவைக் கொட்டியதும் கிளறினால் ஒவ்வொரு சிறு உருண்டையின் மேல்தோலும் உடனே வெந்து மூடிக்கொள்ளும். உள்ளே பச்சை மாவு பத்திரமாக இருக்கும். பிறகு எத்தனை அடித்தாலும் உடையாது. கூழாவதற்குக் காரணம் தண்ணீர் அளவு, அல்லது தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் மாவு போட்டது.

இரண்டு பேருக்கு மாவு ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் அதே டம்ளரில் இரண்டு, அரை ஸ்பூன் உப்பு. முதலில் ஒரு ஸ்பூன் மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றுங்கள். அது மெல்லிய கஞ்சியாகும். பொங்கி வரும்போது மீதி மாவை நடுவில் குன்று போலக் கொட்டி, களிக்கோலால் குன்றின் நடுவே ஒரே ஒரு குழி போடுங்கள். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். தீயைக் குறைத்து ஐந்தாறு நிமிடம். குழி வழியாகத் தண்ணீர் மேலே குமுறி மாவை நனைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஐந்து நிமிடம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பாண்டவர் அஞ்ஞாதவாசம் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள்.

பிறகு பாத்திரத்தை இறக்கி, காலாலோ இடுக்கியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டு, கோலைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். வட்டமாகச் சுற்றினால் கட்டி ஊர்வலம் போகும், உடையாது. மறுபடி மூடி, சிறு தீயில் மூன்று நிமிடம். நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் வெந்தது, ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். கிண்ணத்தில் தண்ணீர் தடவி, களியைப் போட்டுச் சுழற்றினால் உருண்டை தானாக வரும். அரிசி நொய் சேர்க்கிற வீடென்றால் கால் டம்ளர் நொய்யை முன்னதாகக் குழைய வேகவிட்டு, தண்ணீரை முக்கால் டம்ளர் கூட்டிக்கொள்ளுங்கள்.

கீரைக் கடைசலோ கொள்ளுச் சாறோ துணை. மென்று சாப்பிடுகிறவரைப் பார்த்தால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்ளுங்கள். களியை விழுங்க வேண்டும்.

கே: கர்ணனும் பாஞ்சாலியும் மனசுக்குள் காதலித்தார்கள் என்பது உண்மையா? எங்கள் ஹாஸ்டலில் இரண்டு கட்சி. — அரூர் கல்லூரி மாணவி

ப: இந்தக் கட்சிக்குத் தமிழில் ஓர் ஆதாரச் சீட்டு உண்டு, அதில் பெயர் எழுதும் இடம்தான் காலி. வில்லிபாரதத்தில் பழம் பொருந்து சருக்கம் என்று ஒரு பகுதி. முனிவருக்குரிய பழத்தை அர்ச்சுனன் அம்பெய்து வீழ்த்திவிடுகிறான். அது திரும்பக் கிளையில் ஒட்ட வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாஞ்சாலியின் முறை வரும்போது, ஐம்புலன்கள் போல் ஐந்து கணவர் இருந்தும் இன்னும் வேறொருவனுக்காக மனசு உருகுகிறது என்கிறாள். பழம் ஒட்டிக்கொள்கிறது.

அந்த ‘வேறொருவன்’ யார் என்று வில்லியார் சொல்லவில்லை. அவள் பேசுவது பெண் மனசின் பொது இயல்பு என்பது போலத்தான் அந்தப் பாட்டு போகிறது. காலியிடத்தில் கர்ணன் பெயரை நிரப்பியது கேட்டவர்கள். எப்படி நிரப்பினார்கள் என்பதும் விளங்குகிறது: குந்தி பிள்ளைகளும் மாத்ரி பிள்ளைகளும் சேர்த்து ஆறு பேர், அதில் ஐந்து பேர் கணவர், பாக்கி ஒருவர். கணக்கு அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது.

வியாசர் பாடத்தில் இதற்கு நேர்மாறு. சபையில் பாஞ்சாலியை இழிவாகப் பேசுகிறவர்களில் கர்ணன் முன்னால் நிற்கிறான். நிராகரிக்கப்பட்ட காதலின் கோபம் அது என்று உங்கள் எதிர்க்கட்சி சொல்லும். சுயம்வரத்தில் “தேரோட்டி மகனை மணக்க மாட்டேன்” என்று அவள் சொன்ன வரிதான் அவர்களுக்கு வேர். அந்த வரி எல்லாச் சுவடிகளிலும் இல்லை. பூனாவில் சுவடிகளை ஒப்பிட்டுத் தொகுத்த செம்பதிப்பு அதை மூலத்தில் சேர்க்காமல் தள்ளிவிட்டது. ஆக இரண்டு கட்சிக்கும் வேர் ஆட்டம்தான். ஹாஸ்டலில் சண்டை தொடரலாம்.

கே: மாம்பழ ரகங்களைப் பாரதப் பாத்திரங்களுக்குப் பொருத்திச் சொல்ல முடியுமா? மண்டியில் பொழுது போகவில்லை. — கிருஷ்ணகிரி வாசகர்

ப: மண்டியில் பொழுது போகவில்லை என்றால் விலை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மனசு தேறட்டும்.

மல்கோவா, பீஷ்மர். பெரிய உடம்பு, நார் இல்லாத குணம், சபையில் முதல் மரியாதை. காய்ப்பு மட்டும் கேட்காதீர்கள். செந்தூரா, அபிமன்யு. சீசனில் முதலில் களத்தில் இறங்கும், தோள் சிவந்திருக்கும், சீக்கிரம் முடிந்துவிடும். மல்லிகா, கடோத்கசன்: நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் கலந்து பிறந்தது, அளவில் பெற்றோரை மிஞ்சியது.

அல்போன்சா தர்மர்தான், சந்தேகமே வேண்டாம். பொன்னிறம், மணம், விலை எல்லாம் உயர்வு. ஆனால் சில பழத்தை அறுத்தால் உள்ளே ஓரிடத்தில் சதை வெளிறி, பஞ்சு போல், புளிப்பாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அசுவத்தாமன் செத்தான் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் மாதிரி. மரத்திலிருந்து நன்றாக முற்றிய பிறகு பறித்து வெயில் சூட்டில் தரையில் போட்டு வைப்பதால் இது கூடுகிறது. சற்று முன்னதாகப் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுபோனால் குறையும்.

கிளிமூக்கு, அதாவது பெங்களூரா, கர்ணன். நம்ம ஊர்க் கூழ் ஆலைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுப்பது அது. பாட்டிலில் வெளியே வரும்போது அதன் பெயர் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தட்டில் வைப்பதும் கிடையாது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் காயாகவே தின்று தீர்த்துவிடுகிறோம்.

சகுனியை மறக்கவில்லை. அவன் பழமல்ல, நீலத்தின் கொட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் வண்டு. காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போகும். காய் பெருக்கப் பெருக்கத் துளை மூடிவிடும். பழுத்த பிறகு வீட்டுக்குள்ளிருந்தே வெளியே வருவான். மருந்தடிப்பதென்றால் பிஞ்சுப் பருவத்தில்தான் பலன். கீழே விழுந்த காயையும் கொட்டையையும் பொறுக்கி அழிப்பது அதைவிட முக்கியம். அடுத்த வருஷத்துச் சகுனி தோட்டத்துக் குப்பையிலும் பட்டை இடுக்கிலும்தான் ஒளிந்திருப்பான்.

கே: அதியமான் கொடுத்த நெல்லிக்கனியால்தான் ஔவையார் ஆயிரம் வருஷம் வாழ்ந்து ஆத்திசூடி எழுதினார் என்பது என் கண்டுபிடிப்பு. சரியா? — தர்மபுரி வாசகர், 9ஆம் வகுப்பு

ப: தகடூர்ப் பிள்ளை (தர்மபுரியின் பழைய பெயர் தகடூர்) இப்படித்தான் யோசிக்க வேண்டும். கதையில் ஓட்டை தெரிந்ததும் கதைக்குள்ளிருக்கும் பொருளை வைத்தே அடைத்தாய் பார், அது கெட்டிக்காரத்தனம். உன் பக்கம் சாட்சியும் உண்டு: சாவு நீங்கும்படி எனக்குக் கொடுத்தாயே என்று புறநானூறு 91ஆம் பாட்டில் ஔவையே சொல்கிறார்.

இனி ஓட்டைகள். 89ஆம் பாட்டில் பகையரசன் ஔவையை மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் உள்ள விறலி என்று கூப்பிடுகிறான். நரைத்த தலை, கைத்தடி எல்லாம் பின்னால் வந்த வேஷம். ஆத்திசூடியின் 109 அடியிலும் அதியமான் பெயர் இல்லை. உயிர் நீட்டிக்கக் கனி கொடுத்தவனை ஓரிடத்திலாவது சொல்லாமல் விடுவாரா? நடையும் சொல்லும் வேறு காலம். ஔவை என்ற பெயரில் பலர் இருந்தார்கள் என்பதே ஆய்வாளர் முடிவு.

ஆனால் சங்க ஔவையின் குணம் பார்க்க 95ஆம் பாட்டைத் தமிழய்யாவிடம் கேட்டுப் படி. தொண்டைமானின் ஆயுதசாலைக்குத் தூது போய், உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் பளபளக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாராட்டு மாதிரி கேட்கும். ஷோகேஸில் வைத்த கண்ணாடிக் கோப்பையையும் அடுப்படியில் நசுங்கிய டம்ளரையும் பார்த்துவிட்டு வந்து மறுபடி படித்தால் குத்து புரியும்.

கே: கூத்தில் துரியோதனன் கம்பீரமாக நிற்கும்போது கட்டியக்காரன் ரேஷன் கார்டு, கரண்ட் பில் என்று பேசுவது பாத்திரத்தைக் கெடுக்கிறதே? — காவேரிப்பட்டணம் வாசகர்

ப: எங்கள் பெயரையே இழுத்துவிட்டீர்கள், பதிலில் பாரபட்சம் இருக்கும்.

துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்தே தன் பெருமையைப் பாடிக்கொண்டு வருகிறான். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. அந்த மரம் லேசு, அதனால்தான் விடிய விடியச் சுழன்று ஆட முடிகிறது. அவ்வளவு பெரிய உருவத்தை முதலில் “யாருய்யா நீ?” என்று கேட்கும் உரிமை கட்டியக்காரனுக்கு மட்டும்தான். அவன் கேட்பது தரையில் உட்கார்ந்திருக்கும் நம் கேள்வி. கரண்ட் பில் வந்த பிறகுதான் நாடிழந்தவன் கஷ்டம் முன்வரிசைக்கு உறைக்கும். கெடுவது எப்போது என்றால், துகில் உரியும் கட்டத்திலும், துரியோதனன் சாகும் படுகளத்திலும் அவன் வாயை மூடாதபோது. தேர்ந்த கட்டியக்காரன் அங்கே தானாக ஒதுங்குவான்.

கே: ஒரு பாத்திரத்தைப் பற்றி நானே ஒரு கருத்து எழுதி நண்பர்கள் நடுவே வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது? — ஓசூர் வாசகி

ப: ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் கருத்து இன்னும் வேகவில்லை. பிறகு எந்தப் பாடம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் பக்கத்தில், அதைச் சொல்வது கதை சொல்பவரா, பாத்திரமா, அந்தப் பாத்திரம் அங்கே இருந்ததா என்று குறியுங்கள். உங்களுக்கு எதிரான இரண்டு இடத்தை நீங்களே தேடி எழுதுங்கள். நீங்கள் விட்டால் சித்தப்பா எடுப்பார்.

உதாரணத்துக்குப் பாஞ்சாலியின் கூந்தல். துரியோதனன் ரத்தம் தடவித்தான் முடிப்பேன் என்ற சபதம் கூத்தில் உண்டு, படுகளத்தில் முடிந்தும் காட்டுகிறார்கள். வியாசரின் சபைக் காட்சியில் அந்தச் சபதம் இல்லை. ஆனால் கிருஷ்ணன் தூது புறப்படும்போது அவள் தன் கூந்தலைக் கையில் பிடித்துக் காட்டி, சமாதானம் பேசும்போது இதை நினைத்துக்கொள் என்கிறாள். சபதக் கதை இந்த விதையிலிருந்து முளைத்திருக்கலாம் என்று எழுதினால் அது நிற்கும். “சினிமாவில் பார்த்தேன்” என்று எழுதினால் நிற்காது.

கே: தர்மபுரி தர்மர் ஊரா? — நல்லம்பள்ளி வாசகர்

ப: சங்க இலக்கியத்தில் தகடூர், அதியமான் ஊர். தர்மர் சொத்தைச் சூதில் வைத்துத் தோற்றவர். பட்டா கேட்டு வர மாட்டார்.

கே: சேலத்திலிருந்து பஸ் ஏறியதும் தூங்கும் என் கணவர், தொப்பூர் மேட்டில் சரியாக விழிக்கிறார். நடிப்பா? — பாலக்கோடு வாசகி

ப: நடிப்பில்லாமலும் நடக்கும். தூங்குகிற காது ஒரே சீரான சத்தத்துக்குப் பழகிவிடும். சேலத்திலிருந்து வரும்போது அங்கே ஏற்றம். டிரைவர் கியரைக் குறைப்பார், இன்ஜின் உறுமல் மாறும், வளைவில் உடம்பு சாயும். அந்த மாற்றம்தான் எழுப்புகிறது.

ஆனால் இன்னொரு கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும்: கைக்குழந்தையை யார் மடியில் வைப்பது என்ற கேள்வி மேடு ஏறியதும் முடிந்துவிடுகிறது. சோதனை எளிது. தொப்பூருக்கு ரொம்ப முன்னாலேயே, மெதுவாக, பக்கத்து சீட்டைப் பார்த்து “வேர்க்கடலை வேணுமா?” என்று கேளுங்கள். எந்தக் கை நீள்கிறது என்று பார்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.